பழைய காருக்குப் பதின்மூன்றரைக் கோடி!

மோட்டார்க் கார் வாங்கியோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. விற்பனை நிலையத்தின் வாயிலைக் கடந்து வீதிக்கு வந்த கணத்திலேயே புதிய கார் பழைய காராகிவிடுகிறது. முதலாம் ஆண்டில் அதன் விலை குறைகிறது. இரண்டாம் ஆண்டில் மேலும் குறைகிறது. பத்தாண்டுகள் கழிந்தபின் கேட்பாரைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. காணி நாளேற நாளேற விலையேறும். நகை அவசரத்துக்குக் கைகொடுக்கும். காரோ ஓட ஓடத் தேயும் பொருள் என்பதே குடும்பத் தலைவர்கள் போடும் கணக்கு. அக்கணக்குப் பெரும்பாலும் சரியானதே.

அக்கணக்கைத் தலைகீழாக்கிய நிகழ்ச்சியொன்று 2022ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் நடைபெற்றது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் நூதனசாலையில், அழைப்புப் பெற்ற சிலர் மாத்திரம் கூடிய ஏலத்தில், 1955ஆம் ஆண்டில் உருவான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. அதுவரை உலகில் எந்தக் காரும் ஏலத்தில் அத்தனை பெரிய விலையைக் கண்டதில்லை.

'300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹவுட் கூப்பே' என்பது அக்காரின் பெயர். அதனை உருவாக்கிய பொறியியலாளர் ருடொல்ப் ஊலன்ஹவுட்டின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. செய்யப்பட்டவை இரண்டே இரண்டு. 1955ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சு தேசத்து லெ மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்துட் பாய்ந்ததனால் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு முடிவில் நிறுவனம் பந்தயக் களத்தை விட்டே விலகியது. ஆகவே, இவ்விரு கார்களும் ஒரு பந்தயத்திலேனும் ஓடவில்லை. மணிக்கு ஏறக்குறைய 290 கிலோமீட்டர் வேகத்திற் செல்லவல்ல இக்காரை ஊலன்ஹவுட் தமது அலுவலகப் பயணங்களுக்குப் பயன்படுத்தி வந்தார் என்பது வியப்பான செய்தி! இரண்டில் ஒன்று இன்றும் நிறுவனத்தின் வசமே உள்ளது. மற்றதை விற்றுப் பெற்ற பணம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதிக்கு ஒதுக்கப்பட்டது.

இத்தகைய விலைக்குக் காரணம் யாது என வினவின், 'அருமை' என ஒரே சொல்லில் விடை பகர்வர். தமிழில் அச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. எளிதிற் கிடையாமை ஒரு பொருள். போற்றத்தக்க சிறப்பு மற்றொரு பொருள். ஸ்போர்ட்ஸ் கார்களின் சந்தையை உற்று நோக்கினால், இவ்விரு பொருளும் ஒன்று சேர்ந்தாலன்றி விலை ஏறுவதில்லை என்பது புலனாகும். முதற் பொருளை மாத்திரம் நம்பிப் பணத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டோர் தொகை சிறிதன்று.

அருமை பிறக்கும் வழிகள்

ஒரு கார் அரிதாவதற்குக் காரணங்கள் பல. அவற்றுட் சில தற்செயலாக நேர்பவை. சில திட்டமிட்டுச் செய்யப்படுபவை.

பந்தயத்துக்கெனவே பிறந்த கார் இயல்பாகவே அரிதாகும். இத்தாலிய நிறுவனமான பெராரியின் '250 ஜி.ரி.ஓ.' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. குறிப்பிட்ட பந்தயப் பிரிவிற் கலந்துகொள்ள வேண்டுமாயின் ஒரு வகைக் காரில் 100 கார்களாவது செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அக்கால விதி. இது புதிய கார் அன்று, முன்னரே செய்துவந்த 250 ஜி.ரி. காரின் திருத்திய வடிவமே என்று வாதித்துப் பெராரி அவ்விதியைக் கடந்தது. 1962 முதல் 1964 வரை செய்யப்பட்டவை 36 கார்களே. அமெரிக்காவில் அதன் விலை அந்நாளில் 18,000 டொலர் அளவினது. பணமிருந்தால் மட்டும் போதாது. வாங்குபவர் தகுதியானவர்தானா என்பதை என்சோ பெராரியே தீர்மானித்தார் என்பர்.

விபத்தும் ஒரு காரை அரிதாக்கும். பிரித்தானிய நிறுவனமான ஜகுவார், தனது பந்தயக் காரான டி-ரைப்பை வீதிக்கேற்றவாறு மாற்றி 'எக்ஸ்.கே.எஸ்.எஸ்.' என்னும் பெயரில் 25 கார்களைச் செய்ய முனைந்தது. 1957ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி இரவு கொவன்றி நகரிலிருந்த அதன் தொழிற்சாலையில் மூண்ட தீ அவற்றுள் ஒன்பதை விழுங்கியது. எஞ்சியவை 16. தீயில் அழிந்தவையே எஞ்சியவற்றின் விலையை உயர்த்தின என்றால் மிகையாகாது.

வாங்குவோர் இல்லாமையாலும் ஒரு கார் அரிதாவதுண்டு. அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டு பிளிமத் நிறுவனம் 'ஹெமி' என்னும் மிகப் பெரிய எஞ்சின் பூட்டிய 'குடா' கார்களை விற்றது. அந்த எஞ்சினுக்குக் கூடுதற் பணம் கொடுக்கவேண்டும். காப்புறுதிக் கட்டணமோ இளைஞர் தாங்கவொண்ணாதது. ஆகவே கூரை மடங்கும் வகையில் அந்த எஞ்சினுடன் அவ்வாண்டு செய்யப்பட்டவை 11 மாத்திரமே. அன்று எவரும் சீண்டாத அவற்றுள் ஒன்று 2014ஆம் ஆண்டில் 35 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று.

நான்காவது வழி, அருமையைத் தொழிற்சாலையிலேயே செய்வது. சந்தை எத்தனை கேட்குமோ அதிலும் ஒன்று குறைவாகவே செய்வது என்பது பெராரி நிறுவனத்தின் கொள்கையாகச் சொல்லப்பட்டு வருவது. 1995 முதல் 1997 வரை வெளிவந்த 'எஃப் 50' காரை 350 பேர் வாங்குவர் என மதிப்பிட்ட நிறுவனம் 349 கார்களுடன் நிறுத்திக்கொண்டது. ஒரே ஒருவர் வெறுங்கையுடன் திரும்பவேண்டும். அவருடைய ஏக்கமே மற்ற 349 பேரின் மகிழ்ச்சி. வியாபாரத் தந்திரமெனினும் மனித மனத்தை நன்கறிந்த தந்திரம் இது.

வயலோரம் கிடந்த செல்வம்

ஆனால், குறைந்த எண்ணிக்கையே விலையைத் தருவதாயின், மேற்சொன்ன 36 ஜி.ரி.ஓ. கார்களும் பிறந்த நாள் முதலே பொக்கிஷமாக மதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். நடந்ததோ வேறு.

1960களின் நடுப்பகுதியில் புதிய பந்தயக் கார்கள் வந்து அவற்றைத் தோற்கடித்தன. தோற்ற பந்தயக் குதிரையின் கதியே அவற்றுக்கும் நேர்ந்தது. வீதியில் ஓட்டுவதற்கோ அவை இரைச்சல் மிக்கவை, வசதி குறைந்தவை, பராமரிக்கச் செலவு கூடியவை. ஆகவே சில ஆயிரம் டொலருக்கு அவை கைமாறின. ஒரு ஜி.ரி.ஓ. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டு, அங்கே மாணவர்கள் மோட்டார்த் தொழில் பழகும் பொருளாயிற்று. பின்னர் அதனை வாங்கியவர் ஒஹாயோ மாநிலத்தில், வயலோரமாக ஒரு திறந்த இழுவை வண்டியின்மேல் ஆண்டுக்கணக்காக வெயிலிலும் மழையிலும் பனியிலும் நிறுத்திவைத்திருந்தார்.

அன்றும் அவ்வகைக் கார்கள் 36தான்; இன்றும் 36தான். எண்ணிக்கை மாறவில்லை. ஆயினும் 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கலிபோர்ணியாவில் ஒரு ஜி.ரி.ஓ. 4 கோடியே 84 இலட்சம் டொலருக்கும், 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயோர்க்கில் மற்றொன்று 5 கோடியே 17 இலட்சம் டொலருக்கும் ஏலம் போயின. இடையில் மாறியது யாது? சிறுவராயிருந்தபோது அக்கார்கள் பந்தயத்தில் வென்றதைக் கண்டு மனம் பறிகொடுத்தவர்கள் வளர்ந்து செல்வந்தராயினர். அவர்களுடைய ஏக்கம் பணமாயிற்று. அவர்கள் பலராயிருந்தனர், கார்களோ சிலவாயிருந்தன. அருமையின் இரு பொருளும் ஒன்று சேர்ந்தது அப்போதுதான்.

குறைவாயிருந்தும் விலைபோகாத கார்

இதன் மறுபக்கத்தைக் காட்டுவது ஜகுவார் நிறுவனத்தின் 'எக்ஸ்.ஜே. 220'. 1988ஆம் ஆண்டு பேர்மிங்காம் கண்காட்சியில் இக்கார் முதன்முதலாக வைக்கப்பட்டபோது, பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினும் நான்கு சில்லுகளையும் சுழற்றும் ஆற்றலும் உடையதாக இருந்தது. மக்கள் மயங்கினர். 350 கார்கள் மட்டுமே செய்யப்படும் என அறிவிக்கப்பட்டதும், ஆளுக்கு 50,000 பவுண் முற்பணம் செலுத்தி ஏறக்குறைய 1,500 பேர் முன்வந்தனர். அவர்களுட் பலர் அக்காரை ஓட்ட விரும்பியவரல்லர். கைக்கு வந்ததும் கூடிய விலைக்கு விற்கலாம் எனக் கணக்குப் போட்டவர்களே.

1992ஆம் ஆண்டில் கார் வெளிவந்தது. பன்னிரண்டு சிலிண்டருக்குப் பதிலாக ஆறு சிலிண்டரே இருந்தது. எஞ்சினின் வலு பின்சில்லுகளுக்கு மாத்திரமே சென்றது. அக்கால வீதிக் கார்களுள் மிக வேகமானவற்றுள் அதுவும் ஒன்றே. ஆயினும் காட்டியது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்ற குறை எழுந்தது. விலையோ வரியுட்பட 4,70,000 பவுணாக உயர்ந்திருந்தது. அதற்குள் உலகப் பொருளாதாரமும் தளர்ந்துவிட்டது. முற்பணம் கட்டியோர் பின்வாங்கினர்; சிலர் நீதிமன்றம் சென்றனர். இறுதியிற் செய்யப்பட்டவை சுமார் 280. திட்டமிட்டதைவிடக் கார் அரிதாயிற்று, விலையோ ஏறவில்லை. விற்காது எஞ்சிய புதிய கார்கள் 1997ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பவுணுக்குக் கழிக்கப்பட்டன.

250 ஜி.ரி.ஓ. 36, எக்ஸ்.ஜே. 220 ஏறக்குறைய 280. இரண்டும் உலகளவில் மிகச் சில கார்களே. ஒன்று வானளாவியது, மற்றது பள்ளத்தில் வீழ்ந்தது. அருமை என்பது பெருக்கற் கணக்கில் வரும் எண் போன்றது. விருப்பம் பெரிதாயின் அதனைப் பன்மடங்காக்கும். விருப்பம் பூச்சியமாயின் பெருக்கி வரும் விடையும் பூச்சியமே.

ஒரே குலம், இரு விலை

ஒரு காரைப் பலர் விரும்பியும் விலை மிதமாகவே இருப்பதுண்டு. 1961ஆம் ஆண்டு ஜெனீவாவில் அறிமுகமான ஜகுவார் 'ஈ-ரைப்' அழகுக்குப் பெயர்போனது. அதனை விரும்பாத கார்ப் பிரியர் அரியர். எனினும் 1970களின் நடுப்பகுதி வரை 72,000க்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டமையால், நல்ல நிலையிலுள்ள ஈ-ரைப் ஒன்றின் விலை இன்றும் வகைக்கேற்ப ஓர் இலட்சம் டொலரைச் சுற்றியே நிற்கிறது.

அதே குலத்திற் பிறந்த தம்பியொன்று உண்டு. பந்தயத்துக்கென அலுமினிய உடலுடன் 1963, 1964ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட பாரங்குறைந்த ஈ-ரைப் அது. திட்டமிட்டவை 18, முடிக்கப்பட்டவை 12. அவற்றுள் ஒன்று 2017ஆம் ஆண்டில் 73 இலட்சத்து 70 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று. உருவத்தில் இரண்டும் உடன்பிறந்தவை. விலையில் எழுபது மடங்குக்கு மேல் வேறுபாடு. விருப்பம் ஏற்கனவே இருந்தது; அருமை வந்து அதனைப் பெருக்கியது.

விடுபட்ட அந்த ஆறு கார்களையும் பழைய இலக்கங்களுடன் 2014ஆம் ஆண்டு முதல் ஜகுவார் நிறுவனமே செய்து விற்றது. தீயில் அழிந்த ஒன்பது எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களுக்கு ஈடாக ஒன்பதைச் செய்யப்போவதாக 2016ஆம் ஆண்டில் அறிவித்தது; ஒவ்வொன்றும் பத்து இலட்சம் பவுணுக்கு மேல். அதே நிறுவனம், அதே வடிவம், அதே முறை. ஆயினும் அன்று பிறந்தவையே மூலம். இன்று பிறந்தவை வழிவந்தவை எனச் சந்தை பிரித்தறிந்துகொண்டது. காலத்தைத் திரும்பச் செய்ய எந்தத் தொழிற்சாலையாலும் இயலாதன்றோ?

மலிந்த காருக்கும் ஒரு சிறப்புண்டு என்பதை இங்கே சொல்லாமல் விடுதல் ஆகாது. 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் சிறு ஸ்போர்ட்ஸ் கார் கோடீஸ்வரர்களின் ஏலத்தில் இடம்பெறுவதில்லை. ஆயின் அதற்கு வேண்டிய உதிரிப்பாகம் யாவும் இன்றும் வாங்கக் கிடைக்கின்றன. பழுதானால் திருத்தத் தெரிந்தோர் பலர் உளர். அரிய காரின் உடைமையாளனோ ஒரு சிறு கண்ணாடி உடைந்தாலும் அதனைப் புதிதாக வார்ப்பிக்கவேண்டிய நிலைக்கு ஆளாவான். அருமை விற்பவனுக்கு இலாபம், வைத்திருப்பவனுக்குச் செலவு.

கதையும் காசாகும்

சில கார்கள் எண்ணிக்கையால் மட்டுமன்றி வரலாற்றாலும் தனித்து நிற்கின்றன. 1964ஆம் ஆண்டில் வெளியான ஜேம்ஸ் பொண்ட் திரைப்படத்தில் தோன்றிய 'அஸ்டன் மார்ட்டின் டி.பி. 5' ஆயிரத்துச் சொச்சமே செய்யப்பட்டது. அதன் பின் வந்த டி.பி. 6 சில வகையில் அதனினும் திருந்தியது. எண்ணிக்கையிலும் மிகப் பெரிய வேறுபாடில்லை. எனினும் டி.பி. 5 இன் விலை எப்போதும் மேலேயே நிற்கிறது. பொண்ட் படத்தின் விளம்பரத்துக்கென மறைவான கருவிகள் பொருத்திச் செய்யப்பட்ட டி.பி. 5 ஒன்று 2019ஆம் ஆண்டில் 63 இலட்சத்து 85 ஆயிரம் டொலரை ஈட்டியது.

நம் நாட்டவர் நெஞ்சைத் தொடும் கதையும் ஒன்றுண்டு. நிறுவனத் தந்தையின் பெயரால் வெளிவந்த 'என்சோ' என்னும் காரில் 399ஐ விற்பனைக்கெனச் செய்த பெராரி, 400ஆவது காரைச் செய்து பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பருக்கு வழங்கியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இலங்கை உட்படப் பல நாடுகளின் கரைகளை அழித்த வேளை அது. காரை விற்று வரும் பணம் அப்பேரலையாற் பாதிக்கப்பட்டோருக்குச் செல்லவேண்டும் எனப் பாப்பரசர் விரும்பினார். 2005ஆம் ஆண்டில் அது ஏறக்குறைய பத்து இலட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. பத்தாண்டுகளின் பின், 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அதே கார் 60 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு மறுபடியும் விற்கப்பட்டது. அந்நாள் வரை பிற என்சோக்கள் எட்டாத விலை அது. எஞ்சின் ஒன்றே, உடல் ஒன்றே, கதைதான் வேறு. ஒரு காரின் கதையை இன்னொன்றுக்கு மாற்றிப் பூட்ட முடியாது. ஆகவே அருமைகளுள் எல்லாம் தலையாயது அதுவே.

உண்மையும் போலியும்

விலை ஏறும் இடத்திற் போலியும் தலைகாட்டும். பெராரியின் 'டேடோனா' என வழங்கும் கார் கூரையுடன் சுமார் 1,300 செய்யப்பட்டது. கூரை திறந்த வகையோ ஏறக்குறைய 120 மாத்திரமே. கூரையில்லாததற்கு விலை பன்மடங்கு எனக் கண்ட சிலர், கூரையுள்ள காரை வாங்கி அதன் கூரையை அறுத்தெறிந்தனர்! பார்வைக்கு வேறுபாடு காண்பது அரிது. ஆயினும் செஸி இலக்கம் உண்மையைக் காட்டிக் கொடுத்துவிடும். தொழிற்சாலை அவ்வாறே செய்தது என்னும் பதிவிருந்தாலன்றி அதற்குரிய விலை கிடையாது. இன்று அறுக்கப்பட்ட கார் மூலக் காரினும் தாழ்ந்தே மதிக்கப்படுகிறது.

இதனாலேயே அறிந்தோர் முதலிற் பார்ப்பது பளபளப்பை அன்று, இலக்கங்களையும் பத்திரங்களையுமே. செஸியும் எஞ்சினும் தொழிற்சாலையிற் சேர்ந்தவாறே இன்றும் சேர்ந்திருக்கின்றனவா? யார் யார் கையில் இருந்தது? எப்போது திருத்தப்பட்டது? இவற்றுக்கு எழுத்து மூலம் சான்றுண்டா? ஜப்பானில் ஒரு கொட்டிலில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தூசி படிந்து கிடந்த டேடோனா ஒன்று, வீதிக்கெனச் செய்யப்பட்டவற்றுள் அலுமினிய உடல் கொண்ட ஒரே கார் எனத் தெரியவந்தது. 2017ஆம் ஆண்டில் அத்தூசியைக்கூடத் துடைக்காமல் ஏலத்துக்குக் கொண்டுவந்தனர். 18 இலட்சம் யூரோவுக்கு மேல் விலை கிடைத்தது. தூசியும் ஒரு சான்றாகிவிட்டது!

இதில் வருந்தத்தக்க ஒன்றும் உண்டு. 'மக்லாரன் எஃப் 1' என்னும் கார் 1990களில் 106 மாத்திரமே செய்யப்பட்டது. 2021ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்று 2 கோடியே 4 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டமைக்கு முக்கிய காரணம், பிறந்தது முதல் அது 400 கிலோமீட்டர் தூரம்கூட ஓடாமையே. உலகின் அதிவேகக் கார்களுள் ஒன்றைச் செய்து, கால் நூற்றாண்டு காலம் அசையாமல் நிறுத்திவைத்தவருக்கே பெரும் பரிசு. ஓட்டி மகிழ்ந்தவர் அவ்வின்பத்துக்கு விலை கொடுக்கிறார். ஓட்டாது காத்தவர் விலையைப் பெற்று இன்பத்தை இழக்கிறார்.

குமிழி உடைந்த காலம்

1987ஆம் ஆண்டில் பெராரி 'எஃப் 40' என்னும் காரை வெளியிட்டது. 400 கார்களே செய்யப்படும் என்பது முதற் பேச்சு. 1988ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14ஆந் திகதி என்சோ பெராரி காலமானார். இனி அவர் கைப்பட்ட கார் பிறவாது என்னும் எண்ணம் பரவவே, பெராரிக் கார்களுக்குப் பெரும் போட்டி மூண்டது. பங்குச் சந்தையிலும் காணியிலும் பணம் பண்ணியோர் கார்ச் சந்தையிற் புகுந்தனர். எஃப் 40 காரை அதன் புதிய விலையைப் போல மும்மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினர். பலர் கடன்பட்டு வாங்கினர். 250 ஜி.ரி.ஓ. ஒரு கோடி டொலரையும் தாண்டியது.

1990ஆம் ஆண்டின் பின் காற்று மாறியது. பொருளாதாரம் தளர்ந்தது, வட்டி ஏறியது, விற்பவர் பெருகினர், வாங்குபவர் மறைந்தனர். எஃப் 40இன் விலை சில ஆண்டுகளிற் பாதியிலும் கீழிறங்கியது. ஒரு கோடியைத் தாண்டிய ஜி.ரி.ஓ. 1990களின் நடுப்பகுதியில் முப்பது இலட்சம் டொலரளவுக்கு வந்தது. 400 எனத் தொடங்கிய எஃப் 40இன் தொகையோ, தொழிற்சாலை கேட்போருக்கெல்லாம் செய்து கொடுத்தமையால், 1,311இல் முடிந்தது. தொழிற்சாலை வாக்களித்த அருமையைத் தொழிற்சாலையே குலைக்கவும் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இன்று நல்ல நிலையிலுள்ள எஃப் 40 இருபது இலட்சம் டொலருக்கு மேல் விலைபோகிறது. ஆகவே பொறுத்திருந்தவர் வென்றார் எனச் சிலர் கூறுவர். உண்மைதான். ஆனால் பொறுத்திருக்கக் கூடியவர் யார்? சொந்தப் பணத்தில் வாங்கியவர் மாத்திரமே. கடன்பட்டு வாங்கியோர், விலை மீளுமுன்னரே அடிமாட்டு விலைக்கு விற்று வெளியேறினர். கார் ஒன்றே, காலமும் ஒன்றே, ஒருவருக்குச் செல்வமானது மற்றவருக்குச் சுமையாயிற்று.

நம் நாட்டிலும் இதன் சிறு சாயலை அண்மையிற் கண்டோம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே மீண்டும் வழி பிறந்தது. இடைப்பட்ட காலத்தில், பந்தயத்தையே காணாத சாதாரணச் சிறு கார்கள்கூட வாங்கிய விலைக்கு மேலாக விற்கப்பட்டன. அதுவும் அருமைதான், ஆனால் சட்டத்தால் வந்த அருமை. சட்டம் மாறின் அதுவும் மாறும். ஜி.ரி.ஓ. காரின் அருமையை எந்த வர்த்தமானி அறிவித்தலாலும் நீக்க இயலாது.

வாங்க நினைப்போருக்கு

'இது மிகச் சிலவே செய்யப்பட்ட விசேட பதிப்பு. நாளை விலை ஏறும்' என்று விற்பனையாளர் கூறும்போது சில கேள்விகளை மனத்திலிருத்துதல் நலம். எத்தனை செய்யப்பட்டன என்பதோடு நிறுத்தாமல், எத்தனை பேர் இதனை விரும்புகின்றனர் எனவும் கேட்க வேண்டும். அரிதாயிருப்பது எஞ்சினா, உடலா, அன்றி வெறும் நிறமும் பெயர்ப் பலகையுமா? மேலும் பல செய்யமாட்டோம் என்ற வாக்குறுதிக்குப் பிணை யாது? காப்புறுதி, கொட்டில், திருத்தம் என ஆண்டுதோறும் போகும் செலவைக் கழித்தபின் எஞ்சுவது எவ்வளவு? ஏலத்தில் வாங்குபவரும் விற்பவரும் கொடுக்கும் தரகையும் மறத்தலாகாது. பத்திரிகையிற் காணும் கேட்கும் விலை வேறு. கையில் வந்து சேரும் விலை வேறு.

தந்தையோ பாட்டனாரோ விட்டுச் சென்ற பழைய கார் ஒன்று உங்கள் வீட்டுக் கொட்டிலில் உறங்குமாயின், அவசரப்பட்டு நிறம் பூசவோ எஞ்சினை மாற்றவோ வேண்டாம். செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுப் புத்தகம், பற்றுச்சீட்டு, நிழற்படம் ஆகியவற்றைக் கறையான் அரிக்காமற் காத்துவையுங்கள். அக்கார் கோடி பெறாது. பெரும்பாலும் இலட்சக்கணக்கிற் செய்யப்பட்டவற்றுள் ஒன்றாகவே இருக்கும். எனினும் இன்னாருடைய கார், இன்ன ஊரில் ஓடியது என்னும் வரலாறு அதற்கு உண்டு. அதனை அறிந்த ஒருவர் வாங்க வரும்போது, மற்றொருவர் தருவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தருவார்.

வாங்குவதாயின், நாளை விலை பாதியாகக் குறைந்தாலும் வருந்தாது வைத்து ஓட்டக்கூடிய காரையே வாங்குங்கள். ஏறினால் இலாபம், ஏறாவிடின் ஞாயிற்றுக்கிழமைகளிற் குடும்பத்துடன் கடற்கரை வரை போய்வர ஒரு நல்ல கார் மிஞ்சும்.